மருந்துப் பட்டியலுக்கு ஒரு பூட்டு!

கடமைக்காகப் பார்க்கலாம், ஆசைக்காகப் பார்க்கக் கூடாது
கனடாவில் டாக்டர்களுக்கும் மருந்துக் கடைக்காரர்களுக்கும் கடும் விதிகள்

கனடா நாட்டில் வான்கூவர் என்று ஒரு பெரிய நகரம் இருக்கிறது. பசிபிக் மாகடலின் ஓரத்தில் உள்ள துறைமுகம் அது.

அந்த நகரில் ஒரு மருந்துக் கடை. மாலை நேரம். எழுபது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி கடைக்குள் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அவர் கையில் ஒரு மருந்துச் சீட்டு. இரண்டு நாளாகச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஊரில் இல்லை. அதனால் பக்கத்துத் தெருவில் உள்ள வேறொரு டாக்டரிடம் போனார். அவர் சோதித்துப் பார்த்து, கிருமியைக் கொல்லும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மருந்தாளுநர் சீட்டை வாங்குகிறார். மூதாட்டியின் சுகாதார எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டுகிறார். திரையில் ஒரு பட்டியல் வருகிறது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறுகிறது.

"அம்மா, நீங்கள் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா?"

"ஆமாம். இருதயத்துக்காக ஒரு வருஷமாகச் சாப்பிடுகிறேன்."

"இன்று பார்த்த டாக்டரிடம் அதைச் சொன்னீர்களா?"

"அவர் கேட்டார். எனக்குத்தான் பெயர் வாயில் வரவில்லை. ஏதோ சின்ன மாத்திரை என்று சொல்லிவிட்டேன்."

"கொஞ்சம் உட்காருங்கள், அம்மா. டாக்டருக்குப் போன் செய்து பேசிவிட்டு வருகிறேன்."

ஐந்து நிமிடத்தில் டாக்டர் வேறு மருந்து சொன்னார். மூதாட்டி அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் ஓர் உயிர் காப்பாற்றப்பட்டிருக்கலாம்.

இரண்டும் நல்ல மருந்து, சேர்ந்தால் ஆபத்து!

மூதாட்டி சாப்பிட்டு வந்த மாத்திரையின் பெயர் வார்ஃபரின். ரத்தம் கட்டியாகாமல் தடுப்பது அதன் வேலை. புதிதாக எழுதப்பட்ட மாத்திரை கோ-ட்ரைமாக்சசோல். கிருமிகளை ஒழிப்பது அதன் வேலை.

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல மருந்துகள். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டாலோ வார்ஃபரினின் வேகம் ஏறிவிடும். ரத்தம் உறைய வேண்டிய இடத்திலும் உறையாது. குடலிலோ மூளையிலோ ரத்தம் கசியத் தொடங்கினால் உயிருக்கே ஆபத்து.

புதிய டாக்டர் மீது குற்றம் இல்லை. அவருடைய கிளினிக்கில் பழைய மருந்துகளைப் பார்க்கும் வசதி இல்லை. மூதாட்டி மீதும் குற்றம் இல்லை. மருந்துப் பெயர்கள் வாயில் நுழைவதில்லை. எத்தனை பேருக்கு நினைவில் நிற்கும்?

குறுக்கே வந்து காப்பாற்றியது அந்தக் கம்ப்யூட்டர் பட்டியல். அதைப் பார்த்த மருந்தாளுநரின் கவனம்.

1995 முதல்...

வான்கூவர் நகரம் இருக்கும் மாகாணத்துக்குப் பிரிட்டிஷ் கொலம்பியா என்று பெயர். கனடாவின் மேற்குக் கோடி மாகாணம். ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அங்கே வாழ்கிறார்கள்.

அந்த மாகாணத்தில் 1995-ம் ஆண்டில் ஒரு பெரிய ஏற்பாடு தொடங்கியது. அதன் பெயர் பார்மாநெட். மருந்து வலை என்று சொல்லலாம்.

மாகாணத்தில் உள்ள மருந்துக் கடைகள் எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டர் வலையில் இணைத்தார்கள். டாக்டர் சீட்டின் பேரில் எந்தக் கடையில் யாருக்கு மருந்து கொடுத்தாலும் அது உடனே அந்த வலையில் பதிவாகிவிடும்.

என்ன மருந்து? எவ்வளவு வீரியம்? எத்தனை மாத்திரை? எழுதியவர் யார்? கொடுத்த தேதி என்ன? எல்லாம் அதில் இருக்கும்.

வான்கூவரில் ஒருவர் மருந்து வாங்குகிறார். மறுநாள் வடக்கே வெகுதூரத்தில் இருக்கும் பிரின்ஸ் ஜார்ஜ் நகரத்துக்குப் போகிறார். அங்கே ஒரு மருந்துக் கடையில் நுழைகிறார். முன்தினம் வாங்கிய மருந்து அந்தக் கடைக்காரருக்கும் தெரியும்.

தொடக்கத்தில் மருந்துக் கடைகளுக்கு மட்டுமே இந்த வசதி இருந்தது. பிறகு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுகளுக்குக் கொடுத்தார்கள். அதன் பிறகு டாக்டர்களின் கிளினிக்குகளுக்கும் வந்தது.

விபத்தில் அடிபட்டு ஒருவர் நினைவில்லாமல் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். அவரிடம் எதைக் கேட்க முடியும்? ஆனால் அவர் எந்தெந்த மருந்து வாங்கியிருக்கிறார் என்பதை டாக்டர் பார்த்துக்கொள்ளலாம். எந்த மருந்து அவர் உடலுக்கு ஒத்துக்கொள்ளாது என்று பதிவு செய்திருந்தால் அதையும் பார்க்கலாம்.

ஆளுக்கு ஓர் எண்

ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். ஒருவருடைய பட்டியல் இன்னொருவர் பெயரில் ஏறிவிட்டால் என்ன ஆகும்? மருந்தே விஷமாகிவிடும்.

அதனால் மாகாணத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் 10 இலக்கங்கள் கொண்ட சுகாதார எண் ஒன்று உண்டு. அந்த எண்ணின் கீழேதான் மருந்துகள் பதிவாகும். மருந்து கொடுக்கும் முன், வந்திருப்பவர் இன்னார்தான் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சீட்டு கொடுத்துவிட்டு மருந்தை வாங்க வராமல் போகிறவர்களும் உண்டு. அப்போது என்ன செய்வது? மருந்து கொடுத்ததாகப் பதிந்ததை மருந்தாளுநர் ரத்து செய்ய வேண்டும். ஏன் ரத்து செய்தார் என்பதையும் எழுத வேண்டும். சாப்பிடாத மருந்தைச் சாப்பிட்டதாகக் காட்டினால் அடுத்த டாக்டர் ஏமாந்துபோவார் அல்லவா?

இந்தப் பட்டியலிலும் எல்லாம் இருக்காது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது கொடுத்த மருந்து பொதுவாக இதில் ஏறுவதில்லை. சீட்டு இல்லாமல் வாங்கும் தலைவலி மாத்திரையும் அப்படியே. டாக்டர் கையோடு கொடுக்கும் மாதிரி மருந்தும் அப்படியே. ஆகவே பட்டியலைப் பார்த்தபின்பும், "வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று வாயால் கேட்பதுதான் நல்ல வழக்கம்.

மருந்து சொல்லும் கதை

இது இவ்வளவு நல்ல ஏற்பாடு என்றால், இதற்கு ஏன் பூட்டு? ஏன் கடும் விதிகள்?

காரணம் இருக்கிறது.

ஒருவர் சாப்பிடும் மருந்தின் பெயரைச் சொன்னால் போதும். அவருக்கு என்ன நோய் என்று படித்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

இன்சுலின் என்றால் நீரிழிவு. லித்தியம் என்றால் பெரும்பாலும் மனநோய். மெத்தடோன் என்றால் போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்குச் சிகிச்சை பெறுபவராக இருக்கலாம். கர்ப்பத் தடை மாத்திரைக்கு விளக்கமே வேண்டாம்.

கல்யாணம் பேசி முடித்த வீட்டுக்கு இந்தச் செய்தி போனால் என்ன ஆகும்? வேலை கொடுக்கும் முதலாளிக்குப் போனால்? விவாகரத்து வழக்கு நடத்தும் எதிராளிக்குப் போனால்?

வீட்டில் கணவனிடம்கூடச் சொல்லாத விஷயத்தை ஒரு பெண் டாக்டரிடம் சொல்கிறாள். மருந்துக் கடைக்காரரிடம் சீட்டை நீட்டுகிறாள். எந்த நம்பிக்கையில்? இந்த விஷயம் இந்த இடத்தோடு நிற்கும் என்ற நம்பிக்கையில்தான்.

முன்பு அந்தச் சீட்டு ஒரு கடையில் ஒரு பெட்டியில் இருந்தது. பார்த்தால் ஒருவர் பார்ப்பார். இப்போது மாகாணம் முழுவதும் ஆயிரக்கணக்கான பேருடைய விரல் நுனியில் இருக்கிறது.

நம்பிக்கை போய்விட்டால் ஜனங்கள் டாக்டரிடம் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். சிலர் சிகிச்சைக்கே போக மாட்டார்கள். உயிர் காக்க வந்த ஏற்பாடே உயிருக்கு உலை வைத்துவிடும். அதனால்தான் விதிகள்.

யார் பார்க்கலாம்?

டாக்டர் என்பதற்காக ஒருவர் யாருடைய பட்டியலையும் பார்த்துவிட முடியாது. மருந்தாளுநர் என்பதற்காகவும் முடியாது.

விதிகளின் சாரம் இதுதான்:

ஒன்று: தம்மிடம் சிகிச்சைக்கு வந்தவரின் பட்டியலை மட்டுமே பார்க்கலாம். சிகிச்சைக்குத் தேவை என்றால் மட்டுமே பார்க்கலாம்.

இரண்டு: ஒவ்வொருவரும் தம் சொந்தப் பெயரில் பதிவு செய்து அனுமதி பெற வேண்டும். விதிகளுக்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்று: தம் கடவுச் சொல்லை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. "அவசரம், உங்கள் பெயரில் நுழைந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று நண்பர் கேட்டாலும் கூடாது.

நான்கு: அனுமதி பெற்ற இடத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். நினைத்த இடத்தில் உட்கார்ந்து பார்க்க முடியாது.

ஐந்து: பார்த்த விவரத்தை வியாபார ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தக் கூடாது. எந்த மருந்து எங்கே அதிகம் விற்கிறது என்று கம்பெனிகளுக்கு எடுத்துக் கொடுக்க இடமே இல்லை.

டாக்டருக்கு உதவியாக நர்ஸ் இருப்பார். குமாஸ்தா இருப்பார். அவர்களும் சில சமயம் பட்டியலை எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். அவர்களுக்கும் அவரவர் பெயரிலேயே அனுமதி வேண்டும். சொந்தமாக முடிவு செய்து பார்க்கிறவர்கள் ஒரு வகை. இன்னொருவர் சார்பில் பார்க்கிறவர்கள் மற்றொரு வகை. சார்பில் பார்க்கிறவர், டாக்டர் கேட்ட நோயாளியின் பட்டியலை மட்டுமே எடுக்கலாம்.

நடிகை ஒருத்திக்கு என்ன வியாதி என்று தெரிந்துகொள்ள ஆசை. பக்கத்து வீட்டுப் பையனுக்கு வலிப்பு வருமாமே என்று சந்தேகம். வருங்கால மருமகள் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாளா என்று கவலை. இவை எவையும் சிகிச்சை அல்ல. ஆகவே பார்க்க உரிமை இல்லை.

யார், எந்த நேரத்தில், யாருடைய பட்டியலைத் திறந்தார்கள் என்பதைக் கம்ப்யூட்டரே குறித்து வைத்துக்கொள்கிறது. பார்த்துவிட்டுத் தடம் தெரியாமல் நழுவ முடியாது.

பார்க்காமல் விடுவதும் தவறு!

விதிகள் என்றால் "பார்க்காதே, பார்க்காதே" என்று மட்டும் சொல்வதாக எண்ணிவிடக் கூடாது. பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்காமல் விட்டாலும் தவறுதான்.

மருந்தாளுநர் மருந்தைக் கையில் கொடுக்கும் முன் நோயாளியின் பட்டியலைப் பார்த்தே ஆக வேண்டும். ஆபத்து தெரிந்தால் உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும். "கடையில் கூட்டம், நேரமில்லை" என்று சொல்லித் தப்ப முடியாது.

டாக்டர்களுக்கும் 2016-ம் ஆண்டில் ஒரு கட்டளை வந்தது.

அந்த ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் பொதுச் சுகாதார நெருக்கடியைப் பிரகடனம் செய்தது. காரணம் கொள்ளை நோய் அல்ல, போதைப் பொருள். கள்ளத்தனமாக விற்கப்பட்ட ஃபென்டனில் என்ற கொடிய சரக்கு தெருத்தெருவாகப் பரவியது. அளவு மீறி உட்கொண்டவர்கள் மூச்சு நின்று செத்தார்கள். அந்த நெருக்கடி தொடங்கிய பிறகு மாண்டவர்கள் பதினாயிரத்துக்கும் அதிகம்.

சாவுக்குப் பெரும் காரணம் கள்ளச் சரக்குதான். ஆனாலும் டாக்டர்கள் எழுதும் வலி மருந்திலும் கவனம் வேண்டும் என்று பேச்சு எழுந்தது. மார்பின் போன்ற வலி மருந்தையும் தூக்க மருந்துகள் சிலவற்றையும் சேர்த்துச் சாப்பிட்டால் மூச்சு மந்தமாகிவிடும். ஒரு டாக்டர் வலிக்கு எழுதுவார். இன்னொரு டாக்டர் தூக்கத்துக்கு எழுதுவார். ஒருவருக்கு மற்றவர் எழுதியது தெரியாது.

அதனால் டாக்டர்களுக்கு உரிமம் வழங்கும் மாகாண மன்றம் 2016 ஜூன் மாதம் புதிய விதி கொண்டுவந்தது. பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்தை எழுதும் முன், பார்மாநெட் பட்டியலை டாக்டர் பார்க்க வேண்டும். பார்க்காமல் எழுதினால் மன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அதே பட்டியல்தான். அதே டாக்டர்தான். எதிரே நோயாளி உட்கார்ந்திருக்கும்போது பார்ப்பது கடமை. எதிரே யாரும் இல்லாதபோது வேடிக்கைக்குப் பார்ப்பது குற்றம்.

காதலனின் மனைவி!

இப்படி வேடிக்கை பார்த்து மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவில் நடந்த இரண்டு சம்பவங்கள் கனடா முழுவதும் பேசப்பட்டன. அங்கேயும் இதுபோன்ற பொதுக் குறிப்பேடு உண்டு. அதன் பெயர் நெட்கேர்.

முதல் சம்பவத்தில் தீர்ப்பு வந்தது 2007-ம் ஆண்டில்.

ஒரு டாக்டரின் அலுவலகத்தில் ஒரு பெண் குமாஸ்தாவாக இருந்தாள். மணமான ஒருவருடன் அவளுக்குத் தொடர்பு. அவருடைய மனைவியோ புற்றுநோயால் அவதிப்பட்டு வந்தார்.

மனைவியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று அறியக் குமாஸ்தாவுக்கு ஆவல். கையில் கம்ப்யூட்டர். மனைவியின் சுகாதாரக் குறிப்பைத் திறந்து பார்த்தாள். ஒரு தடவை அல்ல, பல தடவை.

விஷயம் வெளியே வந்தது. வழக்கு நடந்தது. அவளுக்கு 10,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

இரண்டாவது சம்பவத்தில் மாட்டிக்கொண்டவர் ஒரு பெண் மருந்தாளுநர். அவர் போகும் தேவாலயத்துக்கு வேறு பல பெண்களும் வருவார்கள். அவர்களோடு அவருக்குப் பகை. அந்தப் பெண்களின் குறிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். அதோடும் நிற்கவில்லை. ஒரு பெண் சாப்பிடும் மருந்தைப் பற்றி ஃபேஸ்புக்கில் ஊரறிய எழுதிவிட்டார்!

2011-ம் ஆண்டில் கோர்ட்டு அவருக்கு 15,000 டாலர் அபராதம் விதித்தது.

அபராதம் கட்டினால் பணம் போகும். அவ்வளவுதான். ஆனால் ஊரறிந்துபோன ரகசியத்தை மறுபடி ரகசியமாக்க யாரால் முடியும்?

இந்த இரு பெண்களும் பூட்டை உடைக்கவில்லை. திருட்டுச் சாவி போடவில்லை. வேலைக்காகக் கொடுத்த சாவியையே பகைக்காகப் பயன்படுத்தினார்கள். பார்க்கும் வசதி கையில் இருப்பது வேறு. பார்க்கும் உரிமை இருப்பது வேறு. இந்த வித்தியாசத்தை மறந்ததுதான் அவர்கள் செய்த குற்றம்.

டாக்டர் பெயரில் திருடன்

வேறொரு வகை ஆபத்தும் வந்தது. இது பிரிட்டிஷ் கொலம்பியாவிலேயே நடந்தது.

2014-ம் ஆண்டில் யாரோ ஓர் ஆசாமி, டாக்டருக்கு உரிய கணக்கைப் பயன்படுத்திப் பார்மாநெட்டுக்குள் நுழைந்துவிட்டான். சுமார் 1,600 பேருடைய விவரங்கள் பார்க்கப்பட்டதாக மாகாண அரசாங்கம் அறிவித்தது. 2017-ம் ஆண்டில் மீண்டும் அப்படி ஒரு செய்தி. இந்தத் தடவை 7,500 பேருடைய விவரங்கள் என்று முதலில் அறிவித்தார்கள். விசாரணையில் அந்தத் தொகை பிறகு ஏறியது.

மருந்துப் பெயர் திருடனுக்கு எதற்கு என்று கேட்கலாம். பட்டியலோடு பெயர் இருக்கும். முகவரி இருக்கும். பிறந்த தேதி இருக்கும். இவை கிடைத்தால் அடுத்தவர் பெயரில் கடன் வாங்கவும், அட்டை வாங்கவும் மோசடிக்காரன் முயல்வான்.

"கடவுச் சொல்லைக் கொடுக்காதே" என்ற விதி சிலருக்கு அற்பமாகத் தோன்றும். இந்தச் சம்பவங்களுக்குப் பிறகு அப்படித் தோன்றாது. ஒரு டாக்டரின் சாவி திருடன் கையில் சிக்கினால் அகப்படுவது அவருடைய நோயாளிகள் மட்டுமல்ல. மாகாணத்தில் உள்ள யாராக இருந்தாலும் அகப்படுவார்கள்.

ரகசியச் சொல்

விதிகள் எல்லாம் டாக்டர் கையிலும் கடைக்காரர் கையிலும் இருக்கின்றன. நோயாளியின் கையில் என்ன இருக்கிறது?

ஒரு சொல் இருக்கிறது!

பிரிட்டிஷ் கொலம்பியாவில் எவரும் தம் மருந்துப் பட்டியலுக்குப் பூட்டுப் போட்டுக்கொள்ளலாம். அடையாளத்தைக் காட்டி, ஒரு மருந்துக் கடையில் படிவம் எழுதிக் கொடுத்தால் போதும். தாமே ஒரு ரகசியச் சொல்லைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். காவல் சொல் என்று அதைக் கூறலாம்.

அதன்பிறகு அந்தச் சொல்லைச் சொன்னால்தான் பட்டியல் திறக்கும். சொல்லாவிட்டால் திறக்காது. சொந்தக்காரரே வீட்டுக் கம்ப்யூட்டரில் தம் மருந்துகளைப் பார்க்க விரும்பினாலும், அந்தச் சொல்லைத் தட்ட வேண்டும்.

எப்போதோ வந்த மனநோய்க்கு மருந்து சாப்பிடும் ஒருவர். சின்ன ஊர். மருந்துக் கடையில் வேலை செய்பவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள். அவருக்கு இந்தக் காவல் சொல் பெரிய ஆறுதல்.

ஆனால் இதில் ஒரு கண்டமும் இருக்கிறது.

அவர் சாப்பிடுவது லித்தியம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் முழங்கால் வலி. வேறொரு டாக்டரிடம் போகிறார். பட்டியல் பூட்டியிருக்கிறது. அவரும் வெட்கப்பட்டு வாய் திறக்கவில்லை. டாக்டர் இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையை எழுதுகிறார்.

இபுப்ரோஃபென், லித்தியம் சிறுநீரில் வெளியேறுவதைத் தடுக்கும். ரத்தத்தில் லித்தியம் ஏறும். கை நடுங்கும். வாந்தி வரும். புத்தி தடுமாறும். முற்றினால் உயிருக்கு ஆபத்து.

அதனால்தான் பூட்டின் சாவியை நோயாளியிடமே கொடுத்திருக்கிறார்கள். பூட்டிவைப்பது அவர் உரிமை. சிகிச்சைக்குப் போன இடத்தில் திறந்து காட்டுவது அவருக்கே நன்மை. காவல் சொல்லைச் சொல்லாவிட்டால் மருந்தாளுநரால் பட்டியலைப் பார்க்க முடியாது. பார்க்காமல் மருந்து கொடுப்பதோ விதிக்கு விரோதம். அவர் தர்மசங்கடத்தில் மாட்டிக்கொள்வார்.

நோயாளி நினைவிழந்து கிடக்கும் அவசர வேளையில் பூட்டை நீக்குவதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். காவல் என்பது உயிருக்குக் குறுக்கே நிற்கக் கூடாது அல்லவா?

கேட்டுப் பார்க்கலாம்

நோயாளிக்கு இன்னோர் உரிமையும் உண்டு. தம்மைப் பற்றிய பதிவின் நகலை அவர் கேட்டு வாங்கலாம். தம் பட்டியலை யார் யார் திறந்து பார்த்தார்கள் என்றும் கேட்கலாம்.

"நான் அந்தக் கிளினிக்குக்குப் போனதே இல்லையே! அங்கிருந்து எப்படிப் பார்த்தார்கள்?" என்று கேள்வி கேட்கலாம். பதில் திருப்தியாக இல்லை என்றால் மாகாணத்தின் தகவல் பாதுகாப்பு ஆணையரிடம் புகார் செய்யலாம்.

பட்டியலில் தவறு இருந்தால் திருத்தச் சொல்லலாம். சாப்பிடாத மருந்து சாப்பிட்டதாக இருக்கலாம். ஒத்துக்கொள்ளாத மருந்து எழுதப்படாமல் இருக்கலாம். பார்த்துச் சொன்னால்தானே திருத்துவார்கள்?

இப்போது ஹெல்த் கேட்வே என்ற அரசாங்க ஏற்பாட்டின் மூலம், 1995 முதல் தமக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளை வீட்டில் உட்கார்ந்தபடியே ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். கடைக்காரருக்கும் டாக்டருக்கும் தெரிந்தது, மருந்தைச் சாப்பிடுகிறவருக்கும் தெரிகிறது.

கவுண்டருக்கு இந்தப் பக்கம்...

மறுபடி அந்த வான்கூவர் மருந்துக் கடைக்குப் போவோம்.

மூதாட்டி வீட்டுக்குப் போய்விட்டார். கடை மூடும் நேரம். மருந்தாளுநர் தனியாக இருக்கிறார். கம்ப்யூட்டர் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.

ஒரு சுகாதார எண் கிடைத்தால் போதும். ஊரில் உள்ள எவருடைய ரகசியமும் திரையில் வந்து நிற்கும். கடை வாடகையை உயர்த்திய சொந்தக்காரர். நேற்றுச் சண்டை போட்ட அண்டை வீட்டுக்காரி. பழைய காதலி.

கண்ணாடி விளக்கை அணைப்பது போல, அவர் கம்ப்யூட்டரை அணைக்கிறார். சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறார்.

மாலையில் அவர் பட்டியலைத் திறந்ததால் மூதாட்டி பிழைத்தார். இரவில் அவர் திறக்காமல் போனதால் ஊராரின் மானம் பிழைத்தது.

நாளைக் காலை அந்த மூதாட்டி மறுபடி அதே கடைக்கு வருவார். வந்ததும் கூச்சமில்லாமல் தம் நோயைச் சொல்வார். மருந்தைப் பற்றிக் கேட்பார். இந்த விஷயம் இந்தக் கவுண்டரைத் தாண்டிப் போகாது என்று அவருக்குத் தெரியும்.

அந்த நம்பிக்கை இருக்கும் வரையில்தான் மருந்து பலிக்கும்!